மிட்டாய்ப் பரீட்சை

மிட்டாய் எடுத்துக்கங்க தம்பி. அட, கூச்சப்படாம எடுத்துக்கங்க. ஒண்ணு என்னத்துக்கு, ரெண்டா எடுங்க. பஸ்ஸு வெள்ளகோவில் போறவரைக்கும் வாய் சும்மா இருக்குமா?

பாத்தீங்களா! ஒண்ணைத் தின்னீங்க, ஒண்ணைச் சட்டைப் பாக்கெட்டுல போட்டுட்டீங்க. ஊட்ல ஆரோ இருக்காங்க. கொழந்தைங்களா? இல்லீங்களா? அப்ப அம்மிணி முழுகாம இருக்குதா? நாலு மாசமா! சொன்னேனா இல்லியா? என்ற கணக்கு தப்பவே தப்பாதுங்க தம்பி. சந்தோசம். நல்லபடியா பொறக்கட்டும்.

அம்மிணி வேலைக்குப் போகுதுங்களா? தனியார் பேங்குங்களா. சரி, அங்க சொல்லீட்டாங்களா? இன்னும் இல்லியா? நல்லதாப் போச்சு. சொல்ல வேண்டாமுங்க. வவுறு தெரியற வரைக்கும் மூச்சே விட வேண்டாமுன்னு சொல்லுங்க. இந்த ஹெச்.ஆர். ஆபீசுல ஒக்காந்திருக்கறானுகளே, நெஞ்சுல ஈரமே இல்லாதவனுக. சட்டப்படி ஆறு மாசம் லீவு குடுத்துருவானுக. ஆனா திரும்பி வாரப்ப ஒக்கார நாற்காலி இருக்காது.

நானுங்களா? நானும் ஹெச்.ஆர். தானுங்க.

அப்படிப் பாக்காதீங்க தம்பி. நான் அந்த மாதிரி இல்லை. திருப்பூர்ல பனியன் கம்பெனி, வெளிநாட்டு ஆர்டரு. இருவத்திரண்டு வருசமா பர்சனல் மேனேஜரா இருக்கறேன். சென்னியப்பன்னு சொன்னா எங்க ரோட்டுல தெரியாத ஆளு கெடையாது. நாயமான மனுசன்னு பேரு வாங்கியிருக்கறேன். எனக்குப் பொய் மட்டும் ஆகாதுங்க. வேற என்ன தப்புப் பண்ணுனாலும் பொறுத்துக்குவேன்.

இவன் என்ற பேரன், மித்ரன். ரெண்டரை வயசு. டேய் சாமி, மாமனுக்கு வணக்கம் சொல்லு. சொல்ல மாட்டான். ஜன்னலை விட்டுத் திரும்ப மாட்டான். அவனும் இன்னிக்கு ஒரு சோலியாத்தான் எங்கூட வாரானுங்க. மயில்மேட்டுல எறங்கி ஒரு புள்ளையைப் பாக்கோணும். தமயந்தின்னு பேரு. எங்க கம்பெனியில டெய்லரா இருந்துச்சு. நாளைக்குக் காத்தால ஒம்பது மணிக்குள்ள அந்தப் புள்ளையை நான் கம்பெனிக்குக் கூட்டியாந்து நிறுத்தோணும். இல்லாட்டி நீயும் கேட்டுக்குள்ள வராதேன்னு மொதலாளி சொல்லீட்டாரு. ஓய்வு பெற இன்னும் ஒண்ணரை வருசம் இருக்குதுங்க தம்பி. இந்த வயசுல என்னை ஆரு வேலைக்கு எடுப்பாங்க, சொல்லுங்க. வயசு பாத்து ஆளைக் கழிச்சுக் கட்டறது என்ன நாயம்?

கதையை மொதல்ல இருந்து சொல்றேன். மிட்டாய்ல இருந்துதான் ஆரம்பிக்கோணும்.

எங்க கம்பெனியில முந்நூத்தி நாப்பது பொம்பளைங்க. ஒரு லைனுக்கு இருவத்தெட்டு மெஷினு. ஒருத்தி கை வெப்பா, அடுத்தவ கழுத்து அடிப்பா, அதுக்கடுத்தவ கீழ மடிச்சு அடிப்பா. நடுவால ஒரு மெஷின் நின்னா ஒட்டுக்கா லைனே நின்னு போகும். பிரசவ லீவுன்னா காசு இ.எஸ்.ஐ.யில குடுத்துருவாங்க, அது நமக்கு ஒண்ணுமில்லை. ஆனா அந்த மெஷின்ல ஆரு ஒக்காருவா? சரி, பெத்துட்டு வந்துட்டான்னு வெச்சுக்கங்க. அப்பறம் கொழந்தைக்குக் காய்ச்சல், கொழந்தைக்குத் தடுப்பூசி, பாத்துக்கற கெழவி ஊருக்குப் போயிட்டா. வாரத்துக்கு ஒரு சாக்கு வரும். அதனால கொழந்தை இருக்கறவங்களை எடுக்கறதில்லைன்னு நான் ஒரு ஏற்பாடு பண்ணி வெச்சிருந்தேன். எழுதி வெச்சதில்லீங்க. எழுதி வெச்சாத்தான் தப்பு.

ஆனா வேலைக்கு வாரவகிட்ட கொழந்தை இருக்குதான்னு நேராக் கேக்கவும் கூடாது. ஆர்டர் குடுக்கற வெளிநாட்டுக்காரன் ஆளு வெச்சு ஆடிட் பண்றான். "உங்களை வேலைக்கு எடுக்கறப்ப கொழந்தை இருக்குதான்னு கேட்டாங்களா?"ன்னு டெய்லர்களைத் தனியாக் கூப்புட்டு விசாரிக்கறான். நான் நாலு நாள் ரோசனை பண்ணுனேன். அப்பத்தான் இந்த மிட்டாய் தோணுச்சு.

மேசை மேல ஒரு டப்பா. உள்ள வாரவகிட்ட, "எடுத்துக்க கண்ணு, ரெண்டா எடுத்துக்க"ன்னு நீட்டுவேன். அவ்வளவுதான் பரீட்சை. கொழந்தை இல்லாத புள்ளை ரெண்டையும் அங்கயே தின்னுரும். கொழந்தை இருக்கறவ ஒண்ணைத் தின்னுட்டு ஒண்ணைப் பையில போடுவா. சிலதுக ரெண்டையுமே முந்தானையில முடிஞ்சுக்கும். பையில போயிருச்சா? "சொல்லி அனுப்பறோம் கண்ணு, போயிட்டு வா." ஒரு கேள்வி கேக்கலை, ஒரு மனசு நோகலை, கூடவே மிட்டாயும் குடுத்து அனுப்பறோம். எந்தக் கம்பெனியில இப்படி மரியாதை கெடைக்கும்?

அஞ்சு வருசத்துல முந்நூத்தி நாப்பது பேர்ல ஒருத்திக்குக்கூட கைக்கொழந்தை இல்லாமப் பண்ணிக் காட்டுனேன். மொதலாளி என்னைக் கூப்புட்டுத் தோள்ல தட்டிக் குடுத்தாரு.

அங்கதான் சிக்கலே வந்துச்சுங்க தம்பி.

அம்பது பேருக்கு மேல இருந்தா கம்பெனியில கொழந்தைக் காப்பகம் வெக்கோணும்னு சட்டம். வெச்சிருந்தோம். இல்லைன்னு சொல்லலை. வாசல்ல போர்டு மாட்டியிருந்துச்சு. உள்ள அட்டைப்பெட்டியும் ஓடாத ரெண்டு ஃபேனும் கெடக்கும். போன வருச ஆடிட்டுக்கு மொத நாள் அதையெல்லாம் அக்கட்டால தூக்கிப் போட்டுட்டு, செவுத்துல முயலு, யானையெல்லாம் வரையச் சொன்னேன். வரையறவன் பெரிய கெட்டிக்காரன். யானையைக் கதவுப் பக்கமா ஆரம்பிச்சு, துதிக்கைக்கு எடமில்லாம ஜன்னலுக்கு அடியில வளைச்சு உட்டுட்டான். அதுக்கு முந்தின வருசம் வந்த ஆடிட்டர்கிட்ட, "கொழந்தைகளெல்லாம் சொட்டு மருந்துக்குப் போயிருக்குது சார்"னு சொல்லிச் சமாளிச்சேன். பாவம், நம்பிட்டுப் போயிட்டாரு. எந்த மாசம் சொட்டு மருந்துன்னு அவருக்குத் தெரியலை.

போன வருசம் வந்தது ஒரு பொம்பளை. பெங்களூர்ல இருந்து. கண்ணாடி போட்டுட்டு, ரொம்பக் கறாரு. வாரதுக்கு முன்னாலயே போன் பண்ணி, "காப்பகத்துல எத்தனை குழந்தைங்க? பேரு வயசோட லிஸ்ட் வேணும்"னு கேட்டுப் போட்டுது. முந்நூத்தி நாப்பது பொம்பளைங்க இருக்கற கம்பெனியில ஒரு கொழந்தை கெடைக்கலீங்க தம்பி! என்ற தெறமையே எனக்கு எதிரா வந்து நின்னுருச்சு.

அப்பத்தான் ஊட்ல இவன் இருக்கறது ஞாபகம் வந்துச்சு.

என்ற பொண்ணு பிருந்தா. அவ கதையைச் சொன்னா உங்களுக்கு ரத்தம் கொதிக்கும். கோயமுத்தூர்ல பெரிய கம்பெனியில கணக்குப் பிரிவுல இருந்தா. ஆறு வருசம் நல்ல பேரு. இவன் பொறந்தான். சட்டப்படி ஆறு மாசம் லீவு குடுத்தாங்க, பூச்செண்டெல்லாம் அனுப்பிச்சாங்க. திரும்பிப் போறா, அவ எடத்துல வேற ஒரு பையன் ஒக்காந்திருக்கறான். இவளுக்கு ஜெராக்ஸ் மெஷின் பக்கத்துல ஒரு ஸ்டூலு. வேலை ஒண்ணும் கெடையாது. ரெண்டு மாசம் அந்த மெஷின் சூட்டுலயே ஒக்காந்திருந்தா. மூணாவது மாசம் அவளே எழுதிக் குடுத்துட்டு அழுதுட்டு வந்துட்டா. மாப்பிள்ளைக்கு ஓசூர்ல வேலை, ஒத்தை ரூம்புல இருக்கறாரு. அதனால இவ எங்கூட்டுக்கு வந்துட்டா.

நான் உட்டுருவனா? நேராப் போயிட்டேன் அந்தக் கம்பெனிக்கு. அங்க ஹெச்.ஆர். சீட்டுல ஒக்காந்திருக்கறவன் என்ற வயசுதான் இருப்பான். "யோவ், நீயெல்லாம் மனுசனா? பெத்த பொம்பளையை இப்படி நடத்தலாமா? சட்டம்னு ஒண்ணு இருக்குதா இல்லியா?"ன்னு கேட்டேன். அதுக்கு அவன், "சார், நீங்களும் இதே சீட்டுல இருக்கறவருதான். உங்களுக்கே தெரியும்"னு சொல்றான். எனக்கு என்ன தெரியும்? என்னையும் அவனையும் ஒண்ணாச் சேத்துப் பேசறான் பாருங்க! அன்னிக்கு ராத்திரி எனக்குச் சோறே எறங்கலை.

அதுக்கப்பறம் பிருந்தா ஏறாத ஆபீசு கெடையாது. எல்லாம் நல்லாப் போகும். கடைசியில கொழந்தை இருக்குதான்னு கேப்பாங்க. இவ இருக்குதும்பா. "சொல்லி அனுப்பறோம்"பாங்க. எட்டு எடத்துல இதே பதிலு. என்ன ஒரு ஈவிரக்கமில்லாத வார்த்தைங்க அது!

இவனைப் பாத்துக்கறதுக்கா? என்ற சம்சாரத்துக்கு முட்டி வலி. "உங்க புள்ளைகளை வளத்ததோட என்ற கடமை முடிஞ்சுது"ன்னு ஒரே பேச்சா முடிச்சுட்டா. அவளும் ஒரு காலத்துல போஸ்ட் ஆபீசுல வேலைக்கு இருந்தவதானுங்க. பிருந்தா பொறந்ததும் நாந்தான் உட்டுருன்னு சொன்னேன். ஒரு வார்த்தை எதுத்துப் பேசலை, சந்தோசமா உட்டுட்டா. இத்தனை வருசத்துல ஒரு நாள்கூட அந்த வேலையைப் பத்திப் பேச்செடுத்ததில்லை. அவ்வளவு சந்தோசம் அவளுக்கு. இப்பக்கூட அந்தப் போஸ்ட் ஆபீசு வழியா ஆட்டோ போனா எதுத்த பக்கம் பாத்துக்குவா.

சரி, ஆடிட்டுக்கு வாரேன். பிருந்தா அன்னிக்கு ஒரு இன்டர்வியூவுக்குப் போயிட்டா. நான் இவனைத் தூக்கிக் கம்பெனிக்குக் கொண்டாந்துட்டேன். கம்பெனியைக் கூட்டற பாப்பாத்தின்னு ஒருத்திக்கு ஒரு வெள்ளைக் கோட்டை மாட்டி, நீதான் ஆயான்னு ஒக்கார வெச்சாச்சு. புதுப் பாய், புதுப் பொம்மை, எல்லாம் தயார். அம்மான்னு ஒருத்தி வேணுமே, அதைத்தான் நான் மறந்து போட்டேன்.

ஆடிட்டர் அம்மா உள்ள வார நேரம் பாத்து இவன் கத்த ஆரம்பிச்சுட்டான். பெயிண்ட் வாசம், புது எடம், பாப்பாத்தி மூஞ்சி, என்னத்தைக் கண்டு பயந்தானோ! அலறுறான். அப்ப மூணாவது லைன்ல இருந்து ஒரு புள்ளை எந்திரிச்சா. ஆரும் கூப்புடலை. மெஷினை நிறுத்துனா, நேரா உள்ள வந்தா, இவனைத் தூக்கி இடுப்புல வெச்சா, மூக்கைத் தொடச்சா, முதுகுல ரெண்டு தட்டுத் தட்டுனா. பய கப்புனு நிறுத்திப் போட்டான். கொழந்தை பெக்காத புள்ளைக்கு என்ன பக்குவம்னு நானே அசந்து போயிட்டேன். அதுதான் தமயந்தி. எங்கிட்ட மிட்டாய்ப் பரீட்சையில ரெண்டையும் கடகடன்னு கடிச்சுத் தின்ன புள்ளை, எனக்கு நல்லா ஞாபகமிருக்குது.

ஆடிட்டர் அம்மா, "நீங்கதான் அம்மாவா?"ன்னு கேட்டுது. தமயந்தி என்னைப் பாத்தா. நான் தலையாட்டுனேன். "ஆமாங்க மேடம்"னுட்டா.

அதுக்கப்பறம் அந்தப் புள்ளை பேசுச்சு பாருங்க! "பொறந்து எத்தனை நாள்ல வேலைக்கு வந்தீங்க?" "அம்பத்தி மூணு நாளுங்க மேடம்." "அவ்வளவு சீக்கிரமாவா?" "லீவு கேட்டா வேலை போயிரும்னு, வேலையை உட்டுட்டுப் பெத்துட்டு, வேற எடம் தேடுனேனுங்க." நான் கண்ணைக் காட்டுனேன். உடனே, "அது பழைய கம்பெனி மேடம், இங்க அப்படி இல்லை"ன்னு சரி பண்ணிட்டா. என்ன சமயோசிதம்! "அப்ப குழந்தைய விட்டுட்டு வர்றது கஷ்டமா இருந்துச்சா?"ன்னு அந்தம்மா கேட்டுது. "காத்தால பொறப்படறப்ப சேலையைப் புடிச்சுக்கும் மேடம். கதவைச் சாத்துனா உள்ளாற இருந்து தட்டும். தெரு முக்கு வரைக்கும் அந்தச் சத்தம் கேக்கும். மெஷின் சத்தத்துலகூட எனக்கு அதுதான் கேக்கும்"னு சொல்லிட்டு ஓன்னு அழுகுறா. ஆடிட்டர் அம்மா கண்ணாடியைக் கழட்டித் தொடச்சுக்குச்சு. என்ன நடிப்புங்க தம்பி! டி.வி. சீரியல்ல சேத்தி உட்டா எங்கயோ போயிரும் அந்தப் புள்ளை.

காப்பகத்துக்கு முழு மார்க்கு. ஆனா ஒரு கண்டிசன் போட்டுட்டுப் போயிட்டாங்க. காப்பகம் தெனமும் நடக்கோணும். அம்மாக்காரி ஒரு நாளைக்கு நாலு தடவை போய்க் கொழந்தையைப் பாக்கலாம்னு சட்டத்துலயே இருக்குதாமா. அதுக்கு ஒரு நோட்டு போட்டு, ஒவ்வொரு தடவையும் கையெழுத்து வாங்கி, மாசாமாசம் போட்டோவோட அனுப்போணும்.

நமக்கென்ன, நல்லதுதானே? தெனமும் இவனைக் கூட்டிட்டுப் போனேன். பிருந்தாவுக்கும் வேலை தேடத் தோதாப் போச்சு. முயலு, யானை, பொம்மை, ஆயா, அத்தனையும் இவன் ஒருத்தனுக்கே. ராசா மாதிரி இருந்தான். தமயந்திகிட்ட, "நாலு கையெழுத்துப் போட்டாப் போதும், போக வேண்டாம்"னு சொன்னேன். அவ நெசமாவே போனா. டீ டைம்ல டீ குடிக்க மாட்டா. ஓடிப் போய் இவனைத் தூக்கி வெச்சுட்டு, ரெண்டு வாய் ஊட்டிட்டு, மறுக்கா ஓடியாந்து மெஷின்ல ஒக்காந்துக்குவா. இவனும் அவளை அம்மான்னே கூப்புடப் பழகிட்டான். பிருந்தாவுக்கு அது கொஞ்சம் வருத்தந்தான். "கம்பெனி வேலைன்னா அப்படித்தான் கண்ணு, அனுசரிச்சுக்க"ன்னு சொன்னேன்.

மூணு மாசம் இப்படியே ஓடுச்சு. ஒரு நாள் காத்தால தமயந்தி என்ற ரூம்புக்கு வந்து நிக்கறா. கண்ணெல்லாம் செவந்து கெடக்குது. "சார், அந்த ரூம்புல நெறைய எடம் இருக்குதுங்க. ஒரு ஓரமா இன்னொரு கொழந்தையை வெச்சுக்கலாங்களா?" "ஆரு கொழந்தை?" "என்ற கொழந்தைங்க சார். யாழினின்னு பேரு. ரெண்டு வயசு. பக்கத்தூட்டு அக்காதான் பாத்துக்கும். நேத்து அந்தக்கா வெளிய போயிருச்சு. புள்ளையை உள்ள வெச்சுப் பூட்டிட்டு வந்தேன். பொழுதோட போய்த் தொறக்கறேன், நெத்தி ஒடஞ்சு கெடக்குது சார்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுதுங்க தம்பி. கொழந்தை இருக்குதா? அப்ப அந்த மிட்டாய்?

கேட்டேன். "ரெண்டையும் அங்கயே தின்னியே, அது எப்படி?" தலையைக் குனிஞ்சுட்டே சொல்றா: "கேட்டுக்கு வெளிய அக்காங்க எல்லாரும் சொல்லித் தந்தாங்க சார். மிட்டாய் குடுத்தா அங்கயே தின்னுரு, பையில போட்டா வேலை கெடைக்காதுன்னு. புள்ளை நெனப்புல எனக்கு அது தொண்டையில எறங்கலை சார். கடிச்சு முழுங்கீட்டேன்."

எத்தனை பெரிய துரோகம்! நான் நம்பிக்கையோட நீட்டுன மிட்டாயைத் தின்னு ஏமாத்தியிருக்கறா. எனக்குப் பொய் மட்டும் ஆகாதுன்னு சொன்னேனுங்களே. மத்தவங்களுக்கு ஒரு பாடமா இருக்கோணும்னு அன்னிக்கே கணக்கு முடிச்சு அனுப்பிச்சுட்டேன். போறப்பக்கூட அந்த ரூம்புக் கதவுகிட்ட நின்னு இவனைப் பாத்துட்டுத்தான் போச்சு. இவன் "அம்மா, அம்மா"ன்னு ஒரே கத்தல். அன்னிக்கு முழுக்கப் பாப்பாத்தியை ஒரு வழி பண்ணிப் போட்டான்.

அந்த நோட்டா? அதை நிறுத்த முடியுமுங்களா? தெனமும் நாலு கையெழுத்தை நானே எடது கையில போட்டு, பழைய போட்டோவையே வெச்சு அனுப்பிச்சுட்டு வாரேன். பொய்யின்னு சொல்ல முடியாதுங்க. பதிவுன்னா தொடர்ச்சியா இருக்கோணுமில்லீங்களா?

இப்ப என்ன ஆச்சுன்னா, அந்த வெளிநாட்டுக்காரன் ஒரு புத்தகம் போட்டிருக்கறான். அட்டையில தமயந்தி இவனை இடுப்புல வெச்சுட்டு நிக்கற போட்டோ. கீழ என்னமோ இங்கிலீசுல, வேலையும் தாய்மையும்னு அர்த்தம் வார மாதிரி எழுதியிருக்குது. அதைப் பாத்துட்டு அங்க இருந்து ஒரு பெரிய ஆபீசர் அம்மா நாளைக்கு நேர்ல வருதாமா. போட்டோவுல இருக்கற அம்மாவையும் பையனையும் பாக்கோணுமாமா. பெரிய ஆர்டர் ஒண்ணு அதை நம்பித்தான் நிக்குது. மொதலாளி என்னை நேத்துக் கூப்புட்டு, "உன்ற மிட்டாய் டப்பாவையும் எடுத்துட்டு ஊட்டுக்குப் போயிரு, அந்தப் புள்ளை வராட்டி"ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்றாரு.

தமயந்திக்குப் போன் பண்ணுனேன். இப்ப மயில்மேட்டுல முருங்கைக்காய் பறிக்கப் போகுதாமா. கொழந்தையை மரத்தடியில ஒக்கார வெச்சுக்கறதுக்குத் தோட்டத்துக்காரர் ஒண்ணும் சொல்றதில்லையாமா. புருசன் லாரியில போறவன், மாசத்துல நாலு நாள்தான் ஊட்ல இருப்பான். "ஒரு நாள் வந்து அம்மாவா நின்னுட்டுப் போ கண்ணு"ன்னு தன்மையாத்தான் கேட்டேன். அதுக்கு என்ன சொல்லுச்சு தெரியுமா? "எனக்குத்தான் கொழந்தை இருக்குதே சார். நான் எப்படி உங்க கம்பெனியில அம்மாவா இருக்க முடியும்?"னுட்டு வெச்சுப் போட்டுது. என்ன திமிரு பாத்தீங்களா?

அதுக்குத்தான் இவனைக் கூட்டிட்டுப் போறேன். இவன் போய்க் காலைக் கட்டிக்கிட்டான்னா அந்தப் புள்ளை மனசு எளகிரும். ஈர மனசுக்காரி, எனக்குத் தெரியும். வேணும்னா உன்ற யாழினியையும் தூக்கிட்டு வான்னு சொல்லப் போறேன். காப்பகத்துல ரெண்டு கொழந்தை இருந்தா இன்னும் நல்லாத்தானே இருக்கும்? வேலை திரும்பக் குடுப்பீங்களான்னு கேட்டா, பாக்கலாம்னு சொல்லுவேன். ஆனா நாளைக்குப் பொழுதோட அஞ்சு மணிக்கு மேல ரூல்னா ரூல்தான். ஒருத்திக்குத் தளத்துனா முந்நூத்தி நாப்பது பேரும் கொழந்தையைத் தூக்கிட்டு வந்து நிப்பாங்க. நெசமாவே அத்தனை பேருக்கும் கொழந்தை இருக்குதோ என்னமோன்னு இப்பெல்லாம் எனக்கே சந்தேகமா இருக்குதுங்க.

சித்தெ இருங்க தம்பி, போன் அடிக்குது. பிருந்தாதான். இன்னிக்குக் கோயமுத்தூர்ல அவளுக்கு இன்டர்வியூ. இந்தத் தடவை நாந்தான் பக்குவம் சொல்லி அனுப்பிச்சேன். கைப்பையில பொம்மை, ஈரத்துண்டு ஒண்ணும் இருக்கக் கூடாது. போன் மூஞ்சியில இருக்கற இவன் போட்டோவை எடுத்துட்டு ஒரு பூப்படம் வெச்சுக்க. கேட்டா, இப்போதைக்கு வேண்டாம்னு இருக்கறோம்னு சொல்லு. ஆராச்சும் மிட்டாய் குடுத்தா அங்கயே தின்னுருன்னு சொன்னேன். அவ என்னை ஒரு மாதிரியாப் பாத்துட்டுப் போனா.

அலோ, சொல்லு கண்ணு. என்னது? ஹெச்.ஆர். மேடம் முன்னாலதான் இருக்கறயா? சரி சரி. கெடைச்சுருச்சா! திங்கக்கெழமை சேரோணுமா? நல்லது கண்ணு, நல்லது. சர்டிபிகேட்டு பீரோவுல மேல் தட்டுல... டேய், சும்மா இரு. இருடா! ...மேல் தட்டுல நீலப் பையில இருக்குது. என்ன சத்தமா? பஸ்ஸு சத்தம் கண்ணு. பக்கத்துல ஆரோ கொழந்தை. வெச்சுரு, வெச்சுரு.

ஏன் தம்பி அப்படிப் பாக்கறீங்க? கையை எடுத்துட்டேன் பாருங்க. மூக்கை அமுக்கலை, வாயை மட்டுந்தான் பொத்துனேன். அம்மா கொரல் கேட்டதும் பய பொங்கிட்டு வந்துட்டான். அந்த ஹெச்.ஆர். பொம்பளை காதுல "அம்மா"ன்னு உளுந்துச்சுன்னா கெடைச்ச வேலை போச்சா இல்லியா? அவனுகளுக்கு என்ன, ஈவிரக்கமா இருக்குது?

அழுவாத சாமி. இந்தா மிட்டாய். தின்னு. பிரிச்சுத் தாரனா? வேண்டாமா? ஏன் கைக்குள்ள முடிஞ்சுக்கற? ஆருக்கு?

அம்மாவுக்காமுங்க. இந்த வயசுலயே பரீட்சையில தோத்துட்டான்.

மயில்மேடு வந்துருச்சு, டிரைவரு வெசையா வண்டியை எடுத்துருவாரு, கொஞ்சம் காலை ஒதுக்குங்க தம்பி. அந்தப் பையை மட்டும் எடுத்துக் குடுங்க. அம்மிணியைக் கேட்டதாச் சொல்லுங்க, பேங்குல மூச்சு விட வேண்டாமுன்னு மறக்காமச் சொல்லுங்க. டேய், நல்லாக் கேட்டுக்க. இன்னிக்குப் போன்ல உங்கம்மாளை அம்மான்னு கூப்புடக் கூடாது. நாளைக்குக் கம்பெனியில தமயந்தியை அம்மான்னு கூப்புடோணும். நாளானைக்கு அவளையும் கூப்புடக் கூடாது. எங்க சொல்லு, ஆரைக் கூப்புடோணும்? பாருங்க தம்பி, பேந்தப் பேந்த முழிக்கறான். ரெண்டரை வயசாச்சு, இதுகூடப் புரியலீன்னா எப்படிங்க?